இரண்டு கைபேசிகளில் ஒன்று தொலைந்தபோது

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தபடியே சேலை வியாபாரம் செய்கிறேன். எங்கள் ஊரில் நெய்யும் பருத்திச் சேலைகளையும் மதுரைச் சுங்குடிகளையும் வாங்கி வைத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு, கேட்பவர்களுக்குக் கூரியரில் அனுப்புகிறேன். வியாபாரம் சூடுபிடித்த உடனேயே இரண்டாவது கைபேசி தேவைப்பட்டுவிட்டது. வாடிக்கையாளர்கள் இரவு பதினொரு மணிக்கும் "இதே பார்டரில் மாம்பழ மஞ்சள் இருக்கிறதா?" என்று கேட்பார்கள், அந்தச் செய்திகளுக்கு அடியில் மகனின் பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புகள் புதைந்துபோகும். ஆகவே வியாபாரத்துக்கென்று வேறொரு நிறுவனத்தின் சிம் வாங்கி, தனிக் கைபேசியில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொண்டேன். பழைய எண் பழைய கைபேசியிலேயே இருந்தது. வங்கி, ஆதார், சமையல் எரிவாயு, பள்ளி, உறவினர்கள் எல்லாம் அந்த எண்ணில்தான். வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடு இணைந்திருந்ததால், யுபிஐ செயலியும் அந்தக் கைபேசியில் மட்டுமே வேலை செய்தது. சேலைக்கான பேச்சு ஒரு கைபேசியிலும், அதற்கான பணம் மறு கைபேசியிலுமாக நாள்கள் ஓடின.

இப்படி இரண்டு கைபேசியோடு வாழ்பவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். கூரியர் கொண்டுவரும் தம்பி, காப்பீட்டு முகவர், டியூஷன் எடுக்கும் ஆசிரியை என்று பலரிடமும் இரண்டு உண்டு. ஆனால் இரண்டில் ஒன்று கைவிட்டுப் போனால் எது எதெல்லாம் நின்றுபோகும், எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லியதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அது என்னை எப்படி வாட்டியது என்பதையும், அப்போது தெரிந்திருந்தால் எவையெல்லாம் உதவியிருக்கும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

சுங்குடி எடுக்க மதுரைக்குப் போயிருந்தேன். ஆரப்பாளையத்தில் இறங்கி, நகரப் பேருந்தில் ஏறி, விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, மாலையில் மூட்டையோடு திரும்பினேன். நாள் முழுவதும் என் கையில் இருந்தது வியாபாரக் கைபேசிதான். துணியைப் படம் எடுப்பதும், அதை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிக் கேட்பதும் அதில்தான். பழைய கைபேசி கைப்பையின் உள்ளறையில் கிடந்தது. அல்லது கிடந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரவு கணக்குப் பார்க்க உட்கார்ந்து, அன்று வந்த பணத்தைச் சரிபார்க்க அதைத் தேடியபோதுதான் அறை காலியாக இருப்பது தெரிந்தது. அது எந்தப் பேருந்தில், எந்தக் கடையில், எத்தனை மணிக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே கைபேசி வைத்திருப்பவருக்கு அது தொலைந்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இரண்டு வைத்திருப்பவருக்கோ, அதிகம் தொடாத கைபேசி போனது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். திருடியவருக்கு நாம் கொடுக்கும் அவகாசம் அது. அதனால்தான் இப்போதெல்லாம் வெளியூர் போகும்போது பேருந்தைவிட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

அழைத்துப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. உடனே சிம்மை முடக்க வேண்டும் என்று தோன்றியது. வியாபாரக் கைபேசியிலிருந்து 198 என்று அழுத்தினேன். பேசியது இந்த எண்ணுக்குரிய நிறுவனம்; தொலைந்த எண்ணோ வேறொரு நிறுவனத்தினுடையது. 198 என்பது அந்தந்த நிறுவனத்தின் சொந்த வாடிக்கையாளர்களுக்கான குறுக்கு எண் என்பதும், வேறு நிறுவன எண்ணிலிருந்து அழைக்க முழுமையான பத்து இலக்க உதவி எண் வேண்டும் என்பதும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. அதைத் தேடி எடுத்து அழைத்தால், கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு தொகைக்கு ரீசார்ஜ் செய்தீர்கள், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பதிவிலுள்ள முகவரி என்ன என்று கேட்டார்கள். ரீசார்ஜை என் கணவர்தான் அவருடைய செயலியிலிருந்து செய்வார். அவர் இரவுப் பணியில் இருந்தார். அவரைப் பிடித்து, தொகையைக் கேட்டு, மீண்டும் அழைத்து, மீண்டும் வரிசையில் காத்திருந்து, ஒருவழியாக சிம் முடக்கப்பட்டபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது. உங்களிடம் இரண்டு எண்கள் இருந்தால், இந்த எண்ணின் உதவி மைய எண்ணை அந்தக் கைபேசியிலும், அந்த எண்ணின் உதவி மைய எண்ணை இந்தக் கைபேசியிலும் மாற்றி மாற்றிச் சேமித்து வையுங்கள். கடைசி ரீசார்ஜ் விவரத்தையும் எங்கேனும் குறித்து வையுங்கள்.

அந்த இடைவெளியில்தான் உண்மையான சேதம் நடந்தது. எடுத்தவருக்கு என் கைபேசியின் பூட்டைத் திறக்க முடியாமல் போயிருக்கலாம். ஆனால் அதைத் திறக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. சிம்மை உருவி வேறொரு கைபேசியில் போட்டால் போதும், என் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்கே போகும். வாட்ஸ்அப் அனுப்பும் சரிபார்ப்புக் குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கங்களைக் கொண்டு என் எண்ணில் வாட்ஸ்அப்பைத் தொடங்கிவிட்டார். அப்படித் தொடங்கும்போது பழைய உரையாடல்கள் தெரியாது என்றாலும், நாம் இருக்கும் குழுக்கள் அப்படியே வந்து நிற்கும். எங்கள் குடும்பக் குழுவும் வந்திருக்கிறது. அதிலிருந்தவர்களுக்குத் தனித்தனியாக, அவசரமாகப் பணம் தேவைப்படுவதாகவும், என் யுபிஐ வேலை செய்யவில்லை என்றும், கீழே உள்ள எண்ணுக்கு அனுப்பினால் காலையில் தந்துவிடுவதாகவும் செய்தி போயிருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி 8,000 ரூபாய் அனுப்பிவிட்டார்.

சித்தி மறுநாள் சொன்னது இன்னமும் மனத்தில் நிற்கிறது. "நீ எப்பவும் குரல்ல பேசித்தானே அனுப்புவ, இது என்னடா இங்கிலீஷ் எழுத்துல தமிழ் வந்திருக்கேன்னு யோசிச்சேன். ஃபோன் போட்டா எடுக்கலை. பண்டிகை நேரம், பிள்ளை எங்கேயோ மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு அனுப்பிட்டேன்டா." என்மேல் இருந்த பாசத்தை வைத்தே அவரிடமிருந்து பணத்தை உருவியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபமும் அழுகையும் கைபேசி போனதற்காக வரவில்லை. அந்தப் பணத்தைச் சித்திக்கு நான் கொடுத்துவிட்டேன். அவர் வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் அவரைப் புகார் செய்யவும் வைத்தேன். பணத்தை இழந்தவரே, அவருடைய வங்கிப் பரிவர்த்தனை எண்ணோடு, எவ்வளவு விரைவாக அழைக்கிறாரோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அழைத்தபோது அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தது.

இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் இருந்தன என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலாவது, வாட்ஸ்அப் அமைப்புகளில் உள்ள இரண்டு படிச் சரிபார்ப்பு. ஆறு இலக்கக் கடவு எண் ஒன்றை நாமே வைத்துவிட்டால், சிம்மைத் திருடியவர் குறுஞ்செய்தி எண்ணைப் போட்டாலும் அடுத்ததாக அந்தக் கடவு எண்ணையும் கேட்கும். தெரியாதவர் ஏழு நாள்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் நாம் புது சிம் வாங்கிவிடலாம். இரண்டாவது, சிம்முக்கே போடும் பூட்டு. கைபேசியின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் அது இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், சிம்மை வேறு கைபேசியில் நுழைத்ததும் பின் எண் கேட்கும். சொல்லாவிட்டால் வலையமைப்பே எடுக்காது. ஆனால் இதில் கவனம் தேவை. பூட்டை முதன்முதலாகப் போடும்போது நிறுவனம் முன்கூட்டியே வைத்திருக்கும் பின் எண்ணைக் கேட்கும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஊகித்து அழுத்தாமல் உதவி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறை தவறாக அழுத்தினால், பூட்டை விடுவிக்கும் பியுகே எண் கேட்கும்; அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் நிரந்தரமாகச் செத்துவிடும்.

உறவினர்களை எச்சரிக்கவும் எனக்கு வழி இல்லாமல் இருந்தது. இரண்டு கைபேசிகளுக்கும் வெவ்வேறு கூகுள் கணக்கு வைத்திருந்தேன். வியாபாரத் தொடர்புகளும் வீட்டுத் தொடர்புகளும் கலக்கக் கூடாது என்பதற்காக. அதனால் என் கையிலிருந்த கைபேசியில் சேலை வாங்குபவர்களின் எண்கள் மட்டுமே இருந்தன. மகனுடைய மடிக்கணினியில் என் பழைய கூகுள் கணக்கைத் திறந்து தொடர்புகளை எடுக்கலாம் என்றால், நுழைவது நான்தானா என்று உறுதிசெய்யும் கேள்வி அந்தத் தொலைந்த கைபேசிக்கே போனது. வேறு வழி கேட்டால், குறுஞ்செய்தி அதே எண்ணுக்குப் போகிறது. கைபேசி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடும் வசதிக்கும் அதே கணக்கு வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதைப் போல் ஆகிவிட்டது. கணவர் காலையில் வீடு திரும்பி, அவருடைய கைபேசியிலிருந்து ஒவ்வொருவராக அழைத்த பிறகே சித்தி விஷயம் வெளியில் வந்தது. இரண்டு கைபேசி இருப்பதன் பெரிய நன்மையே ஒன்றுக்கு மற்றொன்று காவல் நிற்க முடியும் என்பதுதான். ஆனால் அப்படி அமைத்து வைத்தால்தான் நிற்கும். பழைய கணக்கின் மீட்பு எண்ணாக வியாபார எண்ணையும், வியாபாரக் கணக்கின் மீட்பு எண்ணாகப் பழைய எண்ணையும் கொடுத்து வையுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ஒவ்வொன்றும் ஒரே முறை பயன்படக்கூடிய பத்துக் காப்புக் குறியீடுகளைத் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி, குடும்ப அட்டை, பத்திரம் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

வங்கியில் என்ன ஆகியிருக்குமோ என்ற பயம்தான் அன்றிரவு முழுவதும் என்னைத் தூங்க விடவில்லை. உதவி எண்ணை அழைத்தால், 'நீங்கள் அழைக்கும் எண் எங்கள் பதிவில் இல்லை' என்று இயந்திரக் குரல் திருப்பித் திருப்பிச் சொன்னது. வாடிக்கையாளர் அடையாள எண் இருந்தால் மேலே போகலாம். அது வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருந்தது. யுபிஐயையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை நேரத்தோடு எழுதி வாங்கிக்கொண்டேன். நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வங்கியிடம் நாம் தெரிவித்த பிறகு நடக்கும் அனுமதியற்ற பரிவர்த்தனைகளின் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும். நல்லவேளையாக என் கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை. சிம் மட்டும் கையில் இருப்பவர் யுபிஐயைத் தொடங்கினாலும் பணம் அனுப்ப யுபிஐ பின் வேண்டும். அதைப் புதிதாக வைக்க டெபிட் அட்டையின் விவரமோ ஆதார் எண்ணோ வேண்டும். அவை இரண்டும் வீட்டில் இருந்தன. கைபேசி உறைக்குள் ஏடிஎம் அட்டையையும் ஆதார் நகலையும் செருகி வைக்கும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. அட்டையும் சிம்மும் ஒரே இடத்தில் கிடைத்தால், இணையத்தில் பொருள் வாங்க வேறு எதுவும் தேவையில்லை. தயவுசெய்து இன்றே அவற்றை எடுத்துவிடுங்கள்.

மறுநாள் காலை காவல் நிலையம். தொலைந்தது மதுரை எல்லையில் என்பதால் அங்கே போய்க் கொடுக்கச் சொன்னார்கள். எங்கே தொலைந்தது என்று உறுதியாகத் தெரியாது, பேருந்துப் பயணத்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எழுதித் தந்த பிறகு வாங்கிக்கொண்டு, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். கைபேசிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கேட்பார்கள். கைபேசி வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அந்த எண், பெட்டியைத் தூக்கிப் போட்டவர்களுக்குக் கிடைக்காது. இப்போதே உங்கள் இரண்டு கைபேசிகளிலும் *#06# என்று அழுத்தி, வரும் எண்களை எழுதி வையுங்கள். இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இரண்டு ஐஎம்இஐ எண்கள் இருக்கும். இரண்டையும் எழுத வேண்டும். அந்த ரசீதோடு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் கைபேசியை முடக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். 2023 மே மாதம் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் முடக்கினால், எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தக் கைபேசி இந்திய வலையமைப்புகளில் வேலை செய்யாது. விண்ணப்பத்தை உறுதிசெய்யும் ஓடிபி வேறொரு எண்ணுக்கு வரும். அங்கே என் வியாபார எண் கைகொடுத்தது.

மாற்று சிம் வாங்கப் போன இடத்தில் நான் எதிர்பாராத ஒரு சிக்கல் காத்திருந்தது. அந்த இணைப்பு நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்தது. பதிவு அவர் பெயரில். இத்தனை ஆண்டுகள் என் எண்ணாகவே இருந்த ஒன்று சட்டப்படி என்னுடையது அல்ல என்பது அந்தக் கடையின் மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அப்பா வத்தலக்குண்டில் இருக்கிறார். பேருந்து ஏறி வந்தார். ஆதாரோடு விரல் ரேகை வைக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் மண்ணிலும் சுண்ணாம்பிலும் வேலை செய்த கைகள். ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. கட்டைவிரலை வைத்தார், இயந்திரம் சிவப்பு காட்டியது. ஆள்காட்டி விரலை வைத்தார், அதுவும் சிவப்பு. கடைப்பையன் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னான். பிறகு கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்னான். விரல்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அழுத்தியபடி, "என்னாலதான்மா உனக்கு இவ்வளவு அலைச்சல்" என்று அப்பா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில் இடதுகை மோதிர விரலை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அப்பா இல்லாமல் போயிருந்தால் இந்த எண்ணை மீட்டிருக்க முடியுமா என்ற கேள்வி அன்று முழுவதும் என்னைத் துரத்தியது.

ஆகவே, உங்கள் எண் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், அந்த அடையாளத்தின் பேரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று காட்டும். நாம் வாங்காத எண் ஒன்று அதில் இருந்தால் அங்கேயே மறுத்துப் பதியலாம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் ஒன்பது இணைப்புகள் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. நம் வீடுகளில் அப்பா பெயரில் மகளும், அண்ணன் பெயரில் அம்மாவும் பேசிக்கொண்டிருப்பது சகஜம். அந்த எண்ணில் உங்கள் வங்கிக் கணக்கு இருக்குமானால், இருவரும் உயிரோடும் ஒரே ஊரிலும் இருக்கும்போதே நிறுவனத்தின் கடைக்குச் சென்று பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

புது சிம் வேலை செய்யத் தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அழைப்புகள் வந்தன, போயின. குறுஞ்செய்தி மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ஓடிபி இல்லாமல் யுபிஐயைத் தொடங்க முடியவில்லை. சிம் பழுது என்று எண்ணி மீண்டும் கடைக்குப் போய் நின்றேன். அங்கிருந்த ஒரு மூத்த ஊழியர்தான் விளக்கினார். மாற்று சிம் கொடுத்தால் முதல் 24 மணி நேரத்துக்கு உள்வரும், வெளிச்செல்லும் குறுஞ்செய்திகள் இரண்டையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. நமக்குத் தெரியாமல் நம் எண்ணுக்கு வேறு யாரேனும் மாற்று சிம் வாங்கி ஓடிபியை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நல்ல விதிதான், சிம் கொடுத்தபோதே ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்கு அரை நாள் மிச்சமாகியிருக்கும். சிம்மை, அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் இ-சிம்மாக மாற்றினாலும் இதே நிறுத்தம் உண்டு என்பதால், அதைச் சம்பள நாளிலோ பண்டிகை வாரத்திலோ செய்யாதீர்கள்.

அந்த 24 மணி நேரத்திலும் ஒரு வழி திறந்திருந்தது. வாட்ஸ்அப் தன் சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்தியாக மட்டுமல்லாமல் அழைப்பிலும் சொல்லும். 'என்னை அழைக்கவும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒலித்த எண்களைப் போட்டதும், திருடியவருடைய கைபேசியிலிருந்து என் கணக்கு அறுந்துவிட்டது. ஆனால் அவர் தன் பங்குக்கு இரண்டு படிக் கடவு எண்ணை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் நானும் உள்ளே நுழைய ஏழு நாள்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாள்களில் அவராலும் என் பெயரில் யாருக்கும் செய்தி அனுப்ப முடியாது என்பது மட்டுமே ஆறுதல்.

யுபிஐ விஷயம் இன்னும் நீண்டது. யுபிஐ செயலி நம் எண்ணை உறுதிசெய்ய, நம் கைபேசியிலிருந்தே ஒரு குறுஞ்செய்தியைத் தானாக அனுப்பிப் பார்க்கும். வெளிச்செல்லும் செய்திகள் நின்றிருக்கும்வரை அது முடியாது. மறுநாள் அது சரியானபோது, புதிதாகப் பதிந்த கைபேசி என்பதால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியவில்லை. நெசவாளர் குடும்பம் ஒன்றுக்கு நான் தர வேண்டியிருந்த தொகை அதைவிட மிக அதிகம், அவர்களுக்கும் தீபாவளிதான். வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாடிக்கையாளர்களில் சிலர் நான் சொன்னதை நம்பி, பண்டிகைக்குப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். பலர் வேறிடம் போய்விட்டார்கள். தொலைந்த கைபேசியின் விலை ஏறக்குறைய 11,000 ரூபாய். சித்திக்குக் கொடுத்தது 8,000. பண்டிகை வாரத்தில் விற்காமல் தங்கிய சேலைகள் கிட்டத்தட்ட 30,000 ரூபாய்க்கு. அவற்றைப் பொங்கலுக்குள் தள்ளுபடியில் கொடுத்துத் தீர்த்தேன்.

இனி ஒரே கைபேசியில் இரண்டு சிம் போட்டுக்கொள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வாட்ஸ்அப்பிலேயே இரண்டு கணக்குகளை ஒரே ஆண்ட்ராய்டு கைபேசியில் வைக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது. இருந்தும் நான் இரண்டு கைபேசியையே வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்குமேல் வியாபாரக் கைபேசியை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். அதோடு, அந்த வாரத்தில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே தொடர்பு இரண்டாவது கைபேசிதான்; ஒரே கைபேசியில் இரண்டு எண்களும் இருந்து அது போயிருந்தால் காவல் நிலையத்தில் கொடுக்கக்கூட என்னிடம் ஓர் எண் இருந்திருக்காது. ஆனால் ஏற்பாடு மாறிவிட்டது. வங்கி எண்ணுள்ள கைபேசி இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. வியாபாரத்துக்குத் தனியாக நடப்புக் கணக்கு தொடங்கி, அதை வியாபார எண்ணோடு இணைத்திருக்கிறேன். வெளியூரில் கைபேசி போனாலும் அன்றாடக் கொள்முதல் பணம் மட்டுமே ஆபத்தில் இருக்கும்; சேமிப்பு இருக்காது.

வீட்டிலேயே இருக்கும் கைபேசிக்கு வேறுவகைக் கவனிப்பு வேண்டும். வைஃபையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் கைபேசியில் சிம் பயன்படுத்தப்படாமலே கிடக்கும். 90 நாள்களுக்கு அழைப்பு, குறுஞ்செய்தி, இணையம் எதுவும் நடக்காத முன்கட்டண இணைப்பை நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள்கள் எண்ணை வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் கொண்டுவந்த விதி. துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் வங்கியின் ஓடிபி அந்தப் புதியவருக்குப் போகத் தொடங்கும். எனவே வாரம் ஒருமுறை அந்த எண்ணிலிருந்து அப்பாவை அழைத்துப் பேசுகிறேன். மாதாமாதம் தரவோடு ரீசார்ஜ் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. நீண்ட நாள் செல்லுபடியாகும் அப்படியொரு திட்டத்தை எடுத்து, முடியும் தேதியை நாள்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். பேட்டரியை முழுக்க இறங்க விட்டு மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால் அது கெட்டுவிடும், சில நேரம் உப்பிவிடும். நிரந்தரமாகச் சார்ஜரில் மாட்டி வைப்பதும் நல்லதல்ல. பாதி அளவில் வைத்து, இறங்கும்போது ஏற்றிக்கொள்கிறேன்.

சமையலறை அலமாரியில் இப்போது ஒரு பழைய கணக்கு நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் ஒரு எண், வலப்பக்கம் மற்றொரு எண். ஒவ்வொன்றின் கீழும் அதோடு இணைந்துள்ள வங்கி, ஆதார், பான், எரிவாயு, மின் இணைப்பு, பள்ளி, மின்னஞ்சல் எல்லாம் எழுதியிருக்கிறேன். கடவுச்சொற்கள் எதுவும் அதில் இல்லை. இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோதுதான், கைவிட்ட பழைய அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு ஒன்றில் நாங்கள் யாருமே இப்போது பயன்படுத்தாத எண் இருப்பது தெரிந்து மாற்றினோம். அப்பாவின் எண்ணையும் பார்த்தேன். அது என் தம்பி பெயரில் இருந்தது. பொங்கல் விடுமுறைக்குத் தம்பி ஊருக்கு வந்தபோது இருவரையும் திண்டுக்கல்லில் உள்ள கடைக்கு அழைத்துப் போய் அப்பாவின் எண்ணை அப்பா பெயருக்கும், அப்பா பெயரில் இருந்த என் எண்ணை என் பெயருக்கும் மாற்றிவிட்டோம். இயந்திரம் இந்த முறையும் அப்பாவின் மோதிர விரலைத்தான் ஏற்றது. கடையில் அதை முதலிலேயே சொல்லிவிட்டதால் வேலை சீக்கிரம் முடிந்தது.